ஆறாம் நாள் வந்த பால்

எனக்குப் பால் ஆறாம் நாள்தான் வந்தது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு மடியில் அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு கையால் போனைத் தடவிக்கொண்டிருப்பவளுக்கு என் கதை அவசரமில்லை, வருமா வராதா என்பதுதான் தெரியவேண்டும். எனக்கு வந்தது. ஆனால் அதற்குள் பிள்ளைக்கு எடை இறங்கி, மஞ்சள் ஏறி, நானும் அம்மாவும் ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து, என்னென்னவோ ஆகிவிட்டது.

நாங்கள் இருப்பது மும்பையில், செம்பூர் திலக் நகர். என் வீட்டுக்காரரைப் பெற்ற மாமா, அத்தை எல்லாம் தாராவி 90 அடி ரோட்டில். பிரசவம் பார்க்க அம்மா தூத்துக்குடியிலிருந்து ஒரு பை நிறையப் பூண்டும் ஒரு டப்பா கருவாடுமாக ரயில் ஏறி வந்திருந்தாள். ஏழாம் மாதத்திலிருந்து எனக்குச் சர்க்கரை, இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தேன். வலி வரவழைக்க மருந்து ஏற்றி, பத்தொன்பது மணி நேரம் கிடந்து, கடைசியில் பிள்ளைக்கு இதயத்துடிப்பு இறங்குகிறது என்று தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். பெண் குழந்தை, 2 கிலோ 960 கிராம். எனக்கு ரத்தமும் வழக்கத்தைவிட அதிகமாகப் போயிருந்தது. முதல் பிரசவம், சர்க்கரை, சிசேரியன், ரத்தப்போக்கு என்று ஒரு டாக்டர் பின்னால் விரல் மடக்கி எண்ணிக் காட்டினார், நாலுமே பால் தாமதமாவதற்குத் தெரிந்த காரணங்களாம். தெரிந்த காரணம் என்றால் ஒன்பது மாதமும் மாதாமாதம் போய் உட்கார்ந்தேனே, அப்போதே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

முதல் ராத்திரி பிள்ளைக்குச் சர்க்கரை அளவு பார்க்கவேண்டும் என்று எடுத்துப் போனார்கள். தாய்க்குச் சர்க்கரை என்றால் பிள்ளைக்குத் திடீரென்று இறங்கிவிடும், பார்க்கத்தான் வேண்டும். அதில் எனக்குப் புகார் இல்லை. காலையில் கொண்டுவந்து கொடுத்தபோது, ராத்திரி ரெண்டு தடவை பாட்டிலில் கொடுத்தாச்சு என்றார்கள், என்னையும் கேட்கவில்லை, வெளியே பெஞ்சில் விடிய விடிய உட்கார்ந்திருந்த இவரையும் கேட்கவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டிலும் ஒரு கம்பெனிப் பவுடரின் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. பால் பவுடர் விளம்பரத்துக்கும் இலவச மாதிரிக்கும் 1992-லேயே சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

ரெண்டாம் நாள், மூன்றாம் நாள் சீம்பால் சொட்டுச் சொட்டாக வந்தது. மஞ்சளாக, தேன் பதத்தில். அது அவ்வளவுதான் வரும். முதல் நாள் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி போதும். இது தெரியாமல் அம்மா பிதுக்கிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, ஒண்ணுமே இல்லையே" என்றாள். பார்க்க வந்த பெரியம்மா ஒருத்தி, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்க பால் ஊறுது" என்றாள். இன்னொருத்தி பிள்ளை நாக்கில் இனிப்புத் தடவுகிற சேனை வைக்கலையா என்று தேன் பாட்டிலைத் தேடினாள். ஒரு வயதுவரை தேனைக் கண்ணில் காட்டக்கூடாது என்று அது ஒன்றில் மட்டும் நான் சண்டை போட்டு ஜெயித்தேன்.

நாலாம் நாள் டிஸ்சார்ஜ். எடை 2 கிலோ 690. "பத்து சதவீதம் வரைக்கும் இறங்கும், நார்மல்தான், ஒரு வாரம் கழித்து வாங்க" என்றார்கள். 270 கிராம் என்றால் ஒன்பது சதவீதத்துக்கு மேல், கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒட்டி நிற்கிறோம், இன்னும் பாலும் வரவில்லை, ஒரு வாரமெல்லாம் பொறுக்கக்கூடாது என்று அன்றைக்கு நான் கணக்குப் போடவில்லை. வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

ஐந்தாம் நாள் பிள்ளை நன்றாகத் தூங்கினாள். நான் ஏமாந்தது இங்கேதான். அழவில்லை, படுத்தவில்லை, மார்பில் போட்டால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள். "சமர்த்துப் பிள்ளை" என்று அம்மா திருஷ்டி சுற்றினாள். சாயங்காலம் துணி மாற்றும்போது அதில் செங்கல் பொடியைக் கரைத்து ஊற்றியதுபோல ஒரு கறை. அம்மா ரத்தம் என்று பயந்துவிட்டாள். அது ரத்தமில்லை, தண்ணீர் பற்றாமல் மூத்திரம் கெட்டிப்பட்டால் படியும் உப்பு. முதல் ரெண்டு நாளில் வந்தால் பெரிதில்லையாம், ஐந்தாம் நாள் வந்தால் பால் போதவில்லை என்று அர்த்தம். அன்று காலையிலிருந்து நனைந்த துணி எத்தனை என்று யோசித்தால் ரெண்டு. ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனையவேண்டும். மலமும் இன்னும் கறுப்பாகவே இருந்தது, அதற்குள் மஞ்சளாக மாறியிருக்கவேண்டும்.

கொட்டுகிற மழையில் ஆட்டோ பிடித்து, அத்தைக்குத் தெரிந்த ஒரு பிள்ளை டாக்டரிடம் ஓடினோம். எடை 2 கிலோ 610. பன்னிரண்டு சதவீதம் இறங்கியிருந்தது. கண்ணெல்லாம் மஞ்சள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், விளக்கின் கீழே வைக்கிற அளவுக்கு இல்லை, நாளைக்கு மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர். அப்புறம், "இப்போது இவளுக்குச் சாப்பாடு வேண்டும், உங்களுக்கு நேரம் வேண்டும், ரெண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்" என்றார். முப்பது மில்லி பவுடர் பால் கலந்து, பாட்டில் வேண்டாம், 'பாலடை'யில் கொடுங்கள் என்றார். குஜராத்தி டாக்டர் இந்தியில் பேசிக்கொண்டே வந்து நடுவில் நம்ம ஊர்ப் பாலாடையைச் சொல்கிறார்! டாக்டர்களின் ஆங்கிலத்திலேயே அதற்கு அதுதான் பெயராம். மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், ஊரில் சங்கு என்போமே, அதே வேலைதான்.

நான் அழுதேன். வயிற்றில் இருக்கும்போதே ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பவுடர் தொடவே கூடாது என்று படித்துப் படித்து ஊறிப்போயிருந்தது, தோற்றுப்போன மாதிரி இருந்தது. இதில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஒரு பக்கம் "பால் இல்லை, டப்பாவை உடை" என்கிற கூட்டம், இன்னொரு பக்கம் "ஒரு கரண்டி பவுடர் கொடுத்தால்கூடப் போச்சு" என்கிற கூட்டம். ரெண்டும் சேர்ந்துதான் என் பிள்ளையை ஒரு நாள் பட்டினி போட்டது, அந்தப் படிப்பை நம்பின நானும் அதில் சேர்த்தி. முப்பது மில்லியைக் குடித்து முடித்ததும் அவள் விரல்கள் விரிந்தன. அதுவரைக்கும் மூடிய கை மூடியபடியே இருந்ததை நான் கவனிக்கவேயில்லை.

டாக்டர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. நச்சுக்கொடி வெளியே வந்ததும் ஒரு ஹார்மோன் சடாரென்று இறங்கும், அது இறங்கினால்தான் பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் வேலையைத் தொடங்கும், பெரும்பாலோருக்கு ரெண்டிலிருந்து நாலு நாளுக்குள் மார்பு நிறைந்துவிடும். இன்சுலினுக்கும் இதில் பங்கு இருப்பதால் சர்க்கரை உள்ளவர்களுக்கு இழுக்கும். ஆனால் அதற்குப் பிறகு ஹார்மோன் மட்டும் போதாது, காலியாகக் காலியாகத்தான் ஊறும். கிணறு மாதிரிதான், இறைக்காவிட்டால் ஊற்று அடைத்துக்கொள்ளும். நாம் பவுடர் கொடுக்கிற ஒவ்வொரு வேளையும் மார்பிலிருந்து எடுக்கவும் வேண்டும், எடுக்காமல் விட்டால் அந்த வேளைக்குத் தேவையில்லை என்று உடம்பு கணக்கு வைத்துக்கொள்ளும். பால் ஊற மாத்திரை உண்டா என்று இவர் கேட்டதற்கு, முதலில் இதைச் செய்யுங்கள், மாத்திரை அப்புறம் என்று சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரியிலிருந்து ரெண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை. முதலில் மார்பு, ஒரு பக்கம் பதினைந்து நிமிடம், பிறகு பாலாடை, பிறகு நாத்தனார் கொடுத்த மெஷினால் எடுப்பது. முடிய ஒன்றேகால் மணி நேரம் ஆகும், கழுவிக் காயவைத்து நிமிர்ந்தால் அடுத்த வேளை வந்துவிடும். தையல் வேறு இழுக்கும். பாலாடையும் துணி மாற்றுவதும் இவர் பொறுப்பு. காலண்டர் பின்னால் ஒரு அட்டை ஒட்டி நனைந்த துணிக்கு ஒரு கோடு, மலத்துக்கு ஒரு வட்டம் என்று போட்டுக்கொண்டே வந்தார். எனக்குத் தைரியம் கொடுத்தது அந்த அட்டைதான், யார் சொன்ன ஆறுதலும் இல்லை. பவுடரைக் கொஞ்சம் தண்ணியாகக் கலக்கினால் செரிக்கும் என்று ஒரு யோசனை வந்தது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், டப்பாவில் போட்ட அளவு ஒரு சொட்டு மாறக்கூடாது.

டாக்டர் அனுப்பிய மலையாளி சிஸ்டர் ஒருவர் மறுநாள் காலை வீட்டுக்கு வந்தார். பத்து நிமிடம் சும்மா பார்த்தார். பிள்ளை காம்பை மட்டும் கவ்வுகிறாள், அதனால்தான் வெடித்திருக்கிறது என்றார். தையலில் படாமல் பிள்ளையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளச் சொன்னார், பந்து பிடிப்பதுபோல. மேலுதட்டைக் காம்பால் தடவி, வாய் கொட்டாவி மாதிரி ஆவென்று திறக்கிறவரை பொறுத்து, திறந்த நொடியில் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவரவேண்டும், மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோகக்கூடாது. தாடை மார்பில் பதியவேண்டும், கறுப்பு வட்டத்தில் கீழ்ப்பாதி அதிகமாக வாய்க்குள் போகவேண்டும். "வலிச்சா விரல் விட்டு எடுத்து மறுபடி வை மோளே, பொறுத்துக்கிட்டு இருக்காதே" என்றார். அன்றைக்கு இருபது தடவை எடுத்து எடுத்து வைத்திருப்பேன்.

ஐந்தாம் நாள் ராத்திரி மெஷினில் ரெண்டு பக்கமும் சேர்ந்து நாலு மில்லி. ஆறாம் நாள் மத்தியானம் பதினெட்டு. அன்று ராத்திரி மூணு மணிக்கு நைட்டி நனைந்து முழிப்பு வந்தது, மார்பு ரெண்டும் கல்லாகக் கனத்துக் கிடந்தது. பிள்ளையைப் போட்டால் க்ளக், க்ளக் என்று விழுங்குகிற சத்தம். அம்மாவை எழுப்பினேன். அவள் லைட்டைக்கூடப் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மாவோடு சண்டை தண்ணீரால் வந்தது. பத்தியம் என்று ஒரு நாளைக்கு மூணு தம்ளருக்கு மேல் தரமாட்டேன் என்றாள், குடித்தால் வயிறு போடுமாம். பாலூட்ட உட்கார்ந்தாலே எனக்குத் தொண்டை வறளும். நான் கத்திவிட்டேன், அவள் அடுப்படியிலேயே இருந்துகொண்டாள். ஆனால் சாப்பாட்டில் அவளை அடித்துக்கொள்ள முடியாது. பாலில் வேகவைத்த பூண்டு, முருங்கைக்கீரை, செம்பூர் ஸ்டேஷன் பக்கம் மீன்காரியிடம் பால்சுறா கேட்டு அவளுக்குப் புரியாமல், இவர் 'மோரி' என்று மராட்டியில் சொல்லி வாங்கிவந்த சுறாவில் புட்டு. கீழ்வீட்டு மராட்டி அம்மா அளிவ் என்கிற விதையில் செய்த லட்டு கொடுத்துவிட்டாள். இதனாலெல்லாம் பால் ஊறியதா என்றால் எனக்குத் தெரியாது, அடிக்கடி எடுத்ததால்தான் ஊறியது என்று நினைக்கிறேன். ஆனால் வயிறு நிறைய யாராவது பொங்கிப் போடாவிட்டால் ரெண்டரை மணிக்கொரு தடவை எழுந்திருக்க உடம்பு வராது.

அத்தைதான் ஆச்சரியம். பவுடர் கொடுக்கிறதைப் பார்த்து என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். பாலாடையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "உன் வீட்டுக்காரனை 92-ல் சயான் ஆஸ்பத்திரியில பெத்தப்போ எனக்கு வழிஞ்சு ஓடுச்சு, அங்க பால் வங்கியில எடுத்துக்குவாங்க, வேற பிள்ளைகளுக்குக் கொடுத்துட்டு வந்தேன்" என்றார் சாதாரணமாக. மகனுக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். 1989-ல் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் அங்கே தொடங்கியது, ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி. நமக்குக் கிடைக்குமா என்று இவர் டாக்டரிடம் கேட்டும் பார்த்தார். குறைமாதத்தில் பிறந்த, எடை குறைந்த பிள்ளைகளுக்குத்தான் முதலில், உங்கள் பெண் மூணு கிலோ ராணி, பவுடர் போதும் என்றார். "யார் பாலோ குடிச்சு எந்தப் பிள்ளையோ வளர்ந்திருக்கு, இவ டப்பாப் பால் நாலு நாள் குடிச்சா என்ன" என்று அத்தை பேச்சை முடித்துவிட்டார்.

எட்டாம் நாள் 2 கிலோ 720. மஞ்சள் தானாக வடிந்தது. பதினேழாம் நாள்தான் பிறந்த எடையைத் தாண்டினாள், பதினான்குக்குள் வந்திருந்தால் நல்லது என்றாலும் ஏறிக்கொண்டிருக்கிறாளே, போதும் என்றார் டாக்டர். பவுடரை ஒரேயடியாக நிறுத்தவில்லை. அட்டையில் கோடு ஆறுக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டு, ஒரு வேளைக்குப் பத்து மில்லி என்று குறைத்துக்கொண்டே வந்து, அஞ்சாவது வாரம் ராத்திரி பதினொரு மணி வேளை ஒன்றுதான் மிச்சம். அதையும் விட்டுவிடலாம் என்று சிஸ்டர் சொன்னார். நான் விடவில்லை. அந்த ஒரு வேளையை இவர் கொடுப்பார், நான் பத்து மணிக்குப் படுத்தால் ரெண்டு மணி வரைக்கும் தூங்குவேன். நாலு மாதம் முடியும்வரை அப்படித்தான் ஓடியது.