நெல்லுக்குப் பின்னே உளுந்து

சத்துணவியல் படிக்கும் எங்களுக்கு அரிசியும் உளுந்தும் முதலில் அறிமுகமானது அமினோ அமிலங்களின் அட்டவணையில்தான். அரிசியில் லைசின் குறைவு, உளுந்தில் அது நிறைய உண்டு. உளுந்தில் குறைவாக உள்ள மெத்தியோனினை அரிசி ஈடுகட்டுகிறது. ஆகவே இட்லி நல்ல உணவு என்று எழுதினால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். இவை இரண்டும் ஆட்டுக்கல்லுக்கு வருவதற்கு வெகு முன்பே வயலில் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பதை நான் நீடாமங்கலம் பக்கம், என் அத்தை வாழ்க்கைப்பட்ட ஊரில்தான் கற்றுக்கொண்டேன். வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரிகிற மூணாறு தலைப்புக்கு அதிகத் தொலைவில்லாத ஊர் அது. விடுமுறைகளில் மாமாவோடு வயலுக்குப் போய்வருவேன்.

தை மாதத்தில் சம்பாக் கதிர் முற்றி, அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கையில், நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுகிறார்கள். அப்போது மண் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும். ஈரம் மிகுந்தால் விதை அழுகிவிடும், காய்ந்துபோனால் முளைக்காது. அந்தப் பதத்தை எப்படிக் கண்டுகொள்வது என்று கேட்டபோது மாமா என்னை வரப்பிலிருந்து இறங்கச் சொன்னார். "கால வச்சு எடுத்துப் பாரு பாப்பா. தடம் பதியணும், ஆனா தடத்துல தண்ணி ஊறக் கூடாது" என்றார். வைத்துப் பார்த்தேன். குதிகாலின் குழி அப்படியே நின்றது, அதன் ஓரம் மட்டும் லேசாக மினுங்கியது. அறுத்த தாளுக்கு நடுவே முளைத்து எழும் உளுந்துக்குத் தனியாகத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. நெல் விட்டுப்போன ஈரமும் தை, மாசியின் பனியுமே அதை எழுபது எழுபத்தைந்து நாளில் விளைச்சலுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன.

பூத்திருந்த செடி ஒன்றை வேரோடு பிடுங்கிக் கழுவிப் பார்த்தபோது, வேரில் கடுகைவிடச் சற்றுப் பெரிய முடிச்சுகள் இருந்தன. ஒன்றை நகத்தால் பிளந்தேன். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகிற ரைசோபியம் பாக்டீரியா அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு அந்த நிறம்தான் சான்று. அதைத் தருகிற லெக்ஹீமோகுளோபின் நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம். இரத்தசோகையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருந்த எனக்கு, வயல் மண்ணுக்குள் அந்தச் சிவப்பைக் கண்டபோது உடம்பு சிலிர்த்தது. அந்த நைட்ரஜனில் பெரும்பங்கு பருப்போடு வீட்டுக்குப் போய்விடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மண்ணில் தங்குவது உதிர்ந்த இலையும் அறுந்து நின்ற வேரும் தருவதுதான். களத்தில் அடித்தபின் மிஞ்சும் செடி மாட்டுக்குத் தீனியாகி, சாணமாகத் திரும்பி வருகிறது.

உளுந்து எடுத்த பிறகும் வயல் சும்மா கிடப்பதில்லை. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். பகலில் மேய்ச்சல், இரவில் வலை கட்டிக் கிடை. ஓர் இரவு ஒரு துண்டு நிலத்தில் அடைத்தால் மறுநாள் அடுத்த துண்டுக்கு நகர்த்துவார்கள். "ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்" என்பார் மாமா. ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் அந்தப் போகத்திலேயே பலன் காட்டும், சாணம் மெல்ல மட்கிப் பின்னால் கொடுக்கும் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. கோடைமழை கைகொடுத்தால் தக்கைப்பூண்டோ கொளுஞ்சியோ விதைத்து, பூக்கும் தறுவாயில் பசுந்தாள் உரமாக மடக்கி உழுகிறார்கள். மேட்டூர் அணை திறந்து ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் மண் அடுத்த நெல்லுக்குத் தயாராகிவிடும். மண்ணைக் கெடுக்காமல் தொடர்ந்து விளைவிக்கும் நிலைத்த உணவு என்று நாம் பேசுவதெல்லாம் அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடைப்பட்ட இந்த மாதங்களைப் பொறுத்தது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த மாதங்கள்தாம் இப்போது கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன. அறுவடை மெஷினின் பெல்ட் ஏறி இறங்கும் வயலில் உளுந்து முளை நசுங்கிவிடுகிறது. மெஷின் போன பிறகு விதைக்கலாம் என்றால் அதற்குள் மேல்மண் காய்ந்துவிடும். மெஷின் வைப்பவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரிவாள் பிடிக்கும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள்; காத்திருக்கும் நாட்களில் ஒரு மழை அடித்தால் நெல் சாய்ந்து முளைத்துவிடும். ஆனால் உளுந்து விதைக்காத வயலுக்கு யூரியா மூட்டை கூடுதலாகப் போகிறது, அந்த வீட்டுக்காரர்கள் உளுந்தையும் கடையில் வாங்குகிறார்கள்.

திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் விதைகளைத் திரட்டிப் பரப்பிய நெல் ஜெயராமன் 2006இல் தொடங்கிய நெல் திருவிழாவுக்கும் போயிருக்கிறேன். இரண்டு கிலோ விதைநெல் வாங்கிச் செல்பவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தருவது அங்கே வழக்கம். ஜெயராமன் 2018இல் மறைந்த பிறகும் விதை கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் போன்ற உயரமான நெல்லில் வைக்கோல் மிகுதி, ஆகவே மாட்டுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் அரசின் நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம், பொது ரகம் என்று இரண்டே விலை. காட்டுயானத்துக்கென்று அங்கே விலை கிடையாது.

எங்கள் விடுதியில் வாரத்தில் பல நாள் இட்லிதான். மியான்மரிலிருந்துகூட உளுந்து கப்பலில் வந்திறங்கும் நாட்டில், டெல்டாவின் நடுவில் இருக்கும் ஒரு விடுதியாவது பக்கத்து ஊர் உளுந்தை வாங்கலாமே என்று நானும் தோழிகளும் காப்பாளரிடம் எழுதிக் கொடுத்தோம். தோல் நீக்கி, மாதாமாதம் ஒரே தரத்தில், ரசீதோடு வந்தால் பார்க்கலாம் என்றார். மாமாவும் அவருடைய கூட்டாளிகளும் கேட்பது வேறு: விதைப்பதற்கு முன்பே விலையைச் சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் உளுந்துக்கான வயலை மட்டுமாவது ஆள் வைத்து அறுக்கத் துணிவார்கள். நீடாமங்கலத்தில் பருப்பு உடைக்கும் மில் ஒன்றில் கூலி விசாரித்து வைத்திருக்கிறோம். மார்கழி முடிவதற்குள் விலை பேசியாக வேண்டும், ஏனென்றால் தை பிறந்ததும் எல்லோரும் மெஷினுக்கு முன்பணம் கொடுத்துவிடுவார்கள்.