எண் அறுபது காட்டுகிறது, ஆனால் ஆட்டம் திக்குகிறது

சித்தி பையன் புது மொபைல் வாங்கிய கையோடு வீட்டுக்கு வந்தான். கேமில் கிராஃபிக்ஸை உச்சத்தில் வைத்து, திரை மூலையில் எஃப்பிஎஸ் எண்ணையும், அதாவது விநாடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்) வருகிறது என்பதையும், போட்டுக் காட்டினான். 58, 60, 55, மறுபடி 60. "நம்பர் நல்லாத்தானே அண்ணா இருக்கு, அப்புறம் ஏன் வெட்டி வெட்டிப் போகுது?" என்று கேட்டான். கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது, எண்தான் அவனை ஏமாற்றியிருக்கிறது.

விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றும் 16.7 மில்லி விநாடிக்குள் தயாராக வேண்டும். ஒரு விநாடியில் 54 ஃபிரேம் ஒழுங்காக வந்து, ஒன்றே ஒன்று மட்டும் 100 மில்லி விநாடி இழுத்தது என்று வையுங்கள். மூலையில் 55 என்றுதான் வரும், பார்க்க நல்ல எண்தான், ஆனால் அந்த ஒரு இழுப்பில் குறி வைத்த எதிரி வேறு இடத்துக்குப் போயிருப்பான். 2011இல் டெக் ரிப்போர்ட் தளத்தில் ஸ்காட் வாசன் இதைத்தான் எழுதினார்: சராசரியை மட்டும் பார்க்காதீர்கள், ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று பாருங்கள் என்று. இன்று கிராஃபிக்ஸ் கார்டு விமர்சனங்களில் 'ஒரு சதவீத லோ' என்ற எண், அதாவது மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகம், சராசரிக்குப் பக்கத்திலேயே வருகிறது. நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

என்னைக் கேட்டால், ஏறி இறங்கும் 50ஐ விட அசையாத 30 எவ்வளவோ மேல். 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரையில், 45 ஃபிரேம் ஓட்டினால் சில ஃபிரேம் ஒரு முறையும் சில ஃபிரேம் இரண்டு முறையும் காட்டப்படும், கேமராவைத் திருப்பும்போது தடக் தடக்கென்று தெரியும். 30இல் எல்லாமே இரண்டு முறைதான், கண் பழகிவிடும். அதிலும் இடைவெளி சமமாக இருந்தாக வேண்டும். 2015இல் பிஎஸ்4இல் வந்த பிளட்போர்ன் என்ற கேம் 30க்குத்தான் செய்யப்பட்டது, ஆனாலும் ஃபிரேம்கள் சீரான இடைவெளியில் வராததால் பலருக்கு உறுத்தியது. 120 ஹெர்ட்ஸ் திரை இருந்தால் 40 அருமையான எண், ஃபிரேமுக்குச் சரியாக 25 மில்லி விநாடி, ஒவ்வொன்றும் மூன்று முறை. நேரக் கணக்கில் 30 ஃபிரேமின் 33.3க்கும் 60 ஃபிரேமின் 16.7க்கும் நட்டநடுவே அதுதான் இருக்கிறது.

சரி, தம்பி மொபைலுக்கு வருகிறேன். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, அப்புறம்தான் திணற ஆரம்பித்தது. தொட்டுப் பார்த்தேன், கேமராவுக்குக் கீழே நன்றாகக் கொதித்தது, அதற்குமேல் தடியான கவர், போதாததற்கு சார்ஜரும் சொருகியிருந்தது. பெரும்பாலான மொபைல்களைப் போல உள்ளே விசிறி கிடையாது, சூடு ஏறினால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கவரைக் கழற்றி, சார்ஜரைப் பிடுங்கி, நிழல் அமைப்பை இரண்டு படி இறக்கி, 30இல் பூட்டினோம். முக்கால் மணி நேரம் ஒரு திக்கல் இல்லாமல் ஆடினான்.

கணினியில் வருகிற திக்கல் வேறு ரகம், எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது அதில்தான். முதல் முறை ஒரு வெடிப்பு வரும்போது ஆட்டம் அரை விநாடி உறைந்துவிடும், அதே வெடிப்பு இரண்டாம் முறை வழுக்கிக்கொண்டு போகும். அந்த வெடிப்பை வரைய வேண்டிய ஷேடர் என்ற சிறு நிரலை உங்கள் கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஏற்றபடி அந்த நொடியில்தான் கணினி கம்பைல் செய்கிறது, அதாவது கார்டுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுகிறது. எவ்வளவு விலை கொடுத்து கார்டு வாங்கினாலும் இதிலிருந்து முழுசாகத் தப்ப முடியாது. ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவியில் இந்தத் தொல்லை குறைவு, ஒரே வன்பொருள் என்பதால் கம்பைல் செய்த ஷேடர்களையே முன்கூட்டி இறக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். மற்ற கணினிகளுக்கு அப்படித் தருவது கடினம்தான், ஆயிரம் வகைக் கார்டு இருக்கிறது. ஆனால் முதல் முறை திறக்கும்போதே எல்லாவற்றையும் கம்பைல் செய்து முடிக்கலாமே? சில கேம்கள் செய்கின்றன, திரையில் ஒரு கோடு மெதுவாக நிரம்பும். பத்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை, போய் டீ போட்டுக்கொண்டு வருகிறேன், சண்டைக்கு நடுவில் மட்டும் நிறுத்தாதீர்கள்.