பாலத்திலிருந்து குதிக்க எந்தப் பாராசூட்?

அமெரிக்காவின் ஐடஹோவில் பெரின் பாலம், ஆற்றிலிருந்து 486 அடி உயரம். ஆண்டு முழுக்க அனுமதிச் சீட்டு இல்லாமலே குதிக்கலாம். அங்கே போக ஆசைப்படும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "விமானத்திலிருந்து குதிக்கிற அதே பாராசூட் போதாதா?"

போதாது. விமானத்திலிருந்து குதிக்கும்போது ஒன்று பழுதானால் இன்னொன்று முதுகில் இருக்கும். பாலத்தில் இருப்பதே ஒன்றுதான். அதனால் வேகத்துக்கு ஆசைப்படாமல் காற்று நிறையும் ஏழு அறை கொண்ட பெரிய பாராசூட்டாக வாங்குங்கள். பாறை விளிம்பில் குதிப்பவருக்கு அது நேராகத் திறந்தாக வேண்டும். திரும்பித் திறந்தால் எதிரே பாறைச் சுவர்.

அளவுக்கு நான் போடும் கணக்கு: ஹெல்மெட், பை எல்லாம் மாட்டிக்கொண்டு எடை பாருங்கள். பவுண்டில் வரும் எண்ணை 0.7-ஆல் வகுத்தால் பாராசூட்டின் பரப்பு, சதுர அடியில். 200 பவுண்டு என்றால் ஏறக்குறைய 285. இதைவிடச் சின்னது வேண்டாம், தயவுசெய்து.

அப்புறம், அடிப்பக்கத்தில் வென்ட், அதாவது காற்று நுழையும் திறப்பு, இருக்கிறதா பாருங்கள். என்னுடையதில் கையை விட்டால் உள்ளே ஒரு மடிப்புத் துணி தட்டுப்படும். காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. தாழ்வான இடத்தில் பாராசூட் சீக்கிரம் நிறைவது அதனால்தான்.

வாங்கும் முன் ஒருமுறை என்னைக் கூப்பிடுங்கள், எந்த நேரமானாலும் சரி.