பட்டா நிலத்து மரம்: கோடாலி வைக்கும் முன்

மரம் வெட்ட அனுமதி வேண்டுமா என்று கேட்பவர்கள் முதலில் மரத்தின் பெயரைத்தான் சொல்கிறார்கள். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது, அடிமரம் யார் நிலத்தில் நிற்கிறது என்பது. பட்டாவையும் நில எல்லை காட்டும் புலப்படத்தையும் எடுத்துக்கொண்டு விஏஓவைப் பாருங்கள். எல்லையில் சந்தேகம் இருந்தால் சர்வேயரை வைத்து அளந்துவிடுவது நல்லது. தெருவோர வேம்பு, நெடுஞ்சாலைப் புளி, வாய்க்கால் கரைப் பூவரசு எல்லாம் உங்கள் வேலியை உரசி நின்றாலும் உங்களுடையவை அல்ல. தாத்தா வைத்த மரம் என்ற பேச்சு அங்கே எடுபடாது. புறம்போக்கு மரத்துக்கு 2சி எனும் மரப்பட்டா வைத்திருந்தாலும் பலனை அனுபவிக்கத்தான் உரிமை. அரசு நிலத்து மரம் என்றால் கலெக்டர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுதான் முடிவு செய்யும்.

சொந்தப் பட்டாவில் நிற்கும் சவுக்கு, தைலம், முந்திரி, தென்னைக்கு வனத்துறையைத் தேடிப் போக வேண்டாம். தனியார் மரங்களையும் கட்டுப்படுத்தும் 1955ஆம் ஆண்டுச் சட்டம் மலைப்பகுதிகளுக்கானது, கடலூர் போன்ற சமவெளி மாவட்டத்துக்குப் பொருந்தாது.

தேக்கு அப்படியல்ல. வண்டியில் ஏற்றும்போதுதான் சிக்கல் வரும். 1968ஆம் ஆண்டு மரப் போக்குவரத்து விதிகளின்படி வனத்துறையின் போக்குவரத்து அனுமதிச் சீட்டு வேண்டும். விஏஓ சான்று, பட்டா நகல், ஒவ்வொரு கட்டைக்கும் எண், நீளம், சுற்றளவு எழுதிய பட்டியல் எல்லாம் தயாராக இருக்கட்டும். அடிக்கட்டையைத் தோண்டிவிடாதீர்கள், ஆய்வுக்கு வருகிறவர், கட்டை இந்த நிலத்தில் வெட்டியதுதான் என்று வேறு எதை வைத்துச் சொல்வார்? வியாபாரி அவசரப்படுத்துகிறார் என்று சீட்டு வருமுன் லோடு ஏற்றினால் வண்டியே பிடிபடும்.

சந்தனத்தை உங்கள் கையால் தொடவே கூடாது. 2008ஆம் ஆண்டு விதிகளின் கீழ் மாவட்ட வன அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். வேரிலும் வைரம் பாய்ந்த நடுக்கட்டை இருப்பதால் வனத்துறையினர் மரத்தை வேரோடு எடுப்பார்கள்.

பனையைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். 2021 வேளாண் பட்ஜெட் அறிவிப்புக்குப் பிறகு, சொந்த வரப்பில் நின்றாலும் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும். செங்கல் சூளைக்கு மரம் பிடிக்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். விண்ணப்பத்தில் சர்வே எண், மரங்களின் எண்ணிக்கை, வெட்டுவதற்கான காரணம் மூன்றும் தெளிவாக இருக்கட்டும். அடிமரமும் எல்லைக்கல்லும் ஒரே படத்தில் தெரிகிற புகைப்படத்தை இணையுங்கள். ‘ஆண் பனைதானே, காய்க்காது’ என்று மட்டும் காரணம் எழுதாதீர்கள். ஆண் பனையின் பாளையைச் சீவினாலும் பதநீர் இறங்கும்.