ஆறு வருஷமாக டிஸ்க் என்று நம்பிய வலி

இடுப்பு வலி ஆரம்பித்தபோது எனக்கு வயது 23. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை, பாதி நாள் நாற்காலி, மீதி நாள் பைக், அதனால் யாரைக் கேட்டாலும் காரணம் கைவசம் இருந்தது. பைக்தான் என்றார்கள், மெத்தை என்றார்கள், இந்தக் காலத்துப் பசங்க உடம்பு என்றார்கள். எப்போது வலிக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. எனக்கு வலித்தது படுத்திருக்கும்போது. விடியற்காலை மூன்று, மூன்றரைக்குப் பிட்டத்துக்குள் ஆழமாக ஒரு குடைச்சல் எழுப்பிவிடும், ஒரு வாரம் வலப்பக்கம், அடுத்த வாரம் இடப்பக்கம். மொட்டை மாடிக்குப் போய் அரை மணி நேரம் நடந்தால் குறையும். "ஏஞ்சாமி, இந்நேரத்துல பேயாட்டம் என்ன நடை?" என்று அம்மா கீழே இருந்து சத்தம் போடுவார்.

முதலில் பார்த்த எலும்பு டாக்டர் கீழ்முதுகுக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். லேசான டிஸ்க் பல்ஜ், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கிற தட்டு கொஞ்சம் பிதுங்கியிருந்தது. வலியே இல்லாத ஆட்களை ஸ்கேன் எடுத்தாலும் நிறையப் பேருக்கு இப்படித் தெரியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பெல்ட், டிராக்‌ஷன், மூன்று வாரம் படுக்கை. அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் படுக்கப் படுக்க முதுகு பலகை மாதிரி இறுகியது, காலையில் குனிந்து சாக்ஸ் போட முடியாமல் தங்கையைக் கூப்பிட்டிருக்கிறேன். ரத்தத்தில் யூரிக் ஆசிட், ஆர்ஏ ஃபேக்டர் இரண்டும் பார்த்தார்கள், நார்மல். "வாதமெல்லாம் இல்ல தம்பி" என்று முடித்துவிட்டார்கள். ஆர்ஏ ஃபேக்டர் முடக்குவாதத்துக்கான பரிசோதனை. என் நோயில் அது பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் வரும். அப்புறம் வர்மம், எண்ணெய் பிழிச்சல், எல்லாம் போனேன், அன்றைக்குச் சுகம், மறுநாள் மாடி நடை.

கடைசியில் நோயைக் கண்டுபிடித்தது கண் டாக்டர். 29 வயதில் ஒருநாள் இடது கண் சிவந்தது. மெட்ராஸ் ஐ என்று மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன். ஆனால் பீளை இல்லை, அரிப்பு இல்லை, வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணுக்குள் ஊசி குத்துகிற மாதிரி வலி, பார்வையும் மங்கல். கண் டாக்டர் கருவியில் பார்த்துவிட்டு யூவியைட்டிஸ், அதாவது கண்ணுக்குள்ளேயே அழற்சி என்றார். மணிக்கொரு தரம் போடுகிற மாதிரி ஸ்டீராய்டு சொட்டு எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "காலையில முதுகு இறுக்கமா இருக்குமா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ருமட்டாலஜிஸ்டை, அதாவது மூட்டு வாத நோய் டாக்டரைப் பாருங்கள் என்று சீட்டு கொடுத்தார். அப்படி ஒரு டாக்டர் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

கோயம்புத்தூரில் பார்த்த அந்த டாக்டர் ஸ்கேனைத் தொடவே இல்லை, முதலில் இருபது நிமிஷம் கேள்விதான். நடந்தால் குறைகிறதா, ஓய்வில் கூடுகிறதா, வலி மாத்திரை போட்டால் நன்றாகக் கேட்கிறதா, வீட்டில் யாருக்காவது? அப்போதுதான் தாத்தா ஞாபகம் வந்தது. பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப மாட்டார், உடம்போடு திரும்புவார். தறியில் உட்கார்ந்து கூன் விழுந்தது என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அவருக்கு இருந்தது இதுதானா என்று இனி யார் சொல்ல முடியும்? பிறகு டாக்டர் என் இடுப்பில் பேனாவால் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டுக் குனியச் சொன்னார். முதுகு நன்றாக வளைந்தால் அந்த இடைவெளி 15 செ.மீ. வரை நீள வேண்டும். எனக்கு 12-ஐத் தாண்டவில்லை.

ஹெச்எல்ஏ-பி27 என்ற மரபணு இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்தார்கள், பாசிட்டிவ். இந்த மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 1973-லேயே தெரிந்துவிட்டது, ஆனாலும் அது பாசிட்டிவாக உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நோய் வருவதே இல்லை, ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று டாக்டரே சொன்னார். மறுபடி எம்ஆர்ஐ, இந்த முறை முதுகுக்கு இல்லை, இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேருகிற சாக்ரோஇலியாக் மூட்டுக்கு. இரண்டு பக்கமும் எலும்புக்குள் வெள்ளையாக அழற்சி. பெயர் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி வந்து முதுகை இறுக்கிவிடுகிற வாத நோய். ஆறு வருஷம் நாங்கள் ஸ்கேன் எடுத்த இடமே வேறு!

சிகிச்சை என்றால் உடனே ஊசி இல்லை. முதலில் வலி மாத்திரை, ஆனால் வலிக்கும்போது மட்டும் இல்லாமல் தினமும், முழு அளவில். ஒன்று கேட்காவிட்டால் சில வாரம் கழித்து இன்னொன்று. எனக்கு இரண்டும் பாதிதான் கேட்டன, அதனால் அடாலிமுமாப் என்ற ஊசி. அதற்கு முன்னால் மஞ்சள் காமாலை வைரஸ்கள், எய்ட்ஸ், எல்லாவற்றுக்கும் மேலாக டிபி பரிசோதனை. எனக்கு எக்ஸ்ரே சுத்தம், ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். உடம்பில் தூங்குகிற டிபி கிருமியைக் கட்டிவைப்பதில் டிஎன்எஃப் என்ற பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு, இந்த ஊசி தடுப்பதும் அதே பொருளைத்தான், கட்டு அவிழ்ந்தால் டிபி கிளம்பிவிடும். ஆகவே டிபி மாத்திரையைத் தொடங்கி ஒரு மாதம் கழித்துத்தான் முதல் ஊசி. அந்த ஒரு மாதம் பொறுக்க முடியாமல் டாக்டரிடம் சண்டை போட்டேன், அவர் அசையவில்லை. நல்லவேளை.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, 40 மி.கி., தொப்புளைச் சுற்றி நானே போட்டுக்கொள்வேன். ஃப்ரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும், ஃப்ரீசரில் வைத்துவிடக் கூடாது என்று அம்மாவுக்கு நாலு தரம் சொல்லியிருக்கிறேன். காசுதான் பிரச்சினை. இங்கேயே தயாராகிற பயோசிமிலர், அதாவது அசல் மருந்துக்கு இணையான நகல் மருந்துதான் வாங்கினேன், அப்படியும் முதல் மாதம் சம்பளத்தில் பாதி போனது. ஆனால் மூன்றாவது ஊசி முடிந்த வாரம் ஒருநாள் கண் விழித்தபோது மணி ஆறரை, வெளியே பால்காரர் வந்து போயிருந்தார், நான் மூன்று மணிக்கு எழவே இல்லை.

பரிசோதனை ரத்தம் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கொடுக்கிறேன், தினமும் நீட்டிப் பயிற்சி, தலையணை மெலிசு. போன மாதம் கோடு போட்டு அளந்தபோது 13 செ.மீ. வந்தது.

தங்கைக்கு இப்போது குதிகால் வலிக்கிறதாம், காலையில் தரையில் கால் ஊன்றினால்தான் அதிகமாம். செருப்பை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். வியாழக்கிழமைக்கு அதே டாக்டரிடம் டோக்கன் போட்டுவிட்டேன்.