பாசி எடுத்த விரல்கள்

நர்சிங் முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, பாம்பன் பக்கம் கத்தோலிக்கத் துறவிகளான கன்னியர் நடத்திய ஒரு சின்ன மருந்தகத்தில். ஒரு வருஷம் பார்த்துவிட்டு மதுரைக்குப் போய்விடலாம் என்றுதான் சேர்ந்தேன்.

அங்கே வந்தவர்களில் பலர் கடல்பாசி எடுக்கும் பெண்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையாலேயே பிய்த்தெடுப்பார்கள். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, விரலில் சுற்றிய பழந்துணி, அவ்வளவுதான் பாதுகாப்பு. பாறை கிழித்த காயம் உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி ஆறவே ஆறாது. கட்டுப் போட்டு, "நாலு நாள் தண்ணியில இறங்காதீங்க அக்கா" என்பேன். தலையாட்டிவிட்டு மறுநாளே இறங்குவார்கள். எனக்குக் கோபமாக வரும். ஒருநாள் ஓர் அக்கா சொன்னார்: "மாசத்துல 12 நாள்தாம்மா பாசிக்குப் போறோம். நீ சொல்ற நாலு நாளும் அதுலதான வருது."

அதற்கு மேல் நான் யாரையும் திட்டவில்லை. அடுத்து எப்போது கடலுக்குப் போகிறார்கள் என்று கேட்டு, அதற்குத் தகுந்த மாதிரி கட்டுப் போடப் பழகினேன். மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட வயதான சிஸ்டர் பல வருஷமாக அப்படித்தான் செய்துவந்தார். காலையில் சிற்றாலயத்தில் அவர் பின்னால் உட்காருவது எப்போது வழக்கமானது என்று நினைவில்லை. ஒரு தடவைகூட என்னை மடத்தில் சேரச் சொன்னதில்லை அவர்.

மதுரையிலிருந்து வேலைக்கு உத்தரவு வந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. காயம் கட்டுவது அங்கேயும் உண்டு. சேவை செய்ய மடத்துக்குப் போக வேண்டியதில்லை என்று அம்மா பிறகு சொன்னதும் சரிதான். ஆனால் விடியற்காலை செபத்தையும் அதற்குப் பின் என் முன்னால் நீளும் அந்தக் கைகளையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பைபிளில் வரும் சிறுவன் சாமுவேல், ஆண்டவர் கூப்பிட்டதை மூன்று முறையும் குரு ஏலி கூப்பிட்டதாக நினைத்து எழுந்து ஓடினான். நானும் அந்தப் பெண்கள்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு வருஷம் நினைத்திருந்தேன்.

மடத்தில் சேர நினைப்பதைச் சிஸ்டரிடம் சொன்னபோது, "அவசரமில்ல, ஊருக்குப் போய் அம்மாகூட கொஞ்ச நாள் இரு" என்றார். துறவுப் பயிற்சி தரும் நவதுறவகத்தில் குறைந்தது 12 மாதங்கள், முதல் வார்த்தைப்பாடு என்ற துறவற வாக்குறுதிக்குப் பிறகு குறைந்தது 3 ஆண்டுகள், அதன் பிறகுதான் வாழ்நாள் முழுமைக்குமான நித்திய வார்த்தைப்பாடு. யோசிக்கத் திருச்சபை இவ்வளவு காலம் தருகிறது என்று அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா எதுவும் பேசவில்லை. ஓரியூருக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னார்.

1693-இல் புனித அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ சாமியாரின் தலை வெட்டப்பட்ட இடம் அது. அங்கே சிவந்திருக்கும் மணலை வேண்டுதலோடு அள்ளிப்போவது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா எனக்கு நல்ல வரன் அமைய வேண்டித்தான் மணல் அள்ளினார். அதை மறைக்கவும் இல்லை. திரும்பும் பஸ்ஸில் பொட்டலத்தை மடியிலேயே வைத்திருந்தார். ராமநாதபுரம் தாண்டியதும் பாதியைக் கைக்குட்டையில் கொட்டி முடிந்து என்னிடம் நீட்டினார்.

"மடத்துக்குப் போகையில பெட்டிக்கு அடியில வச்சுக்க" என்றார்.