பச்சைத் தேயிலை விலை ஏறலை, கம்பெனி வருவாய் மட்டும் எப்படி ஏறுது?

கோத்தகிரிப் பக்கம் ரெண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், டாடா டீ, டாடா உப்பு விற்கும் டாடா கன்ஸ்யூமர் கம்பெனியின் பங்கும் கொஞ்சம் வாங்கிப் போட்டிருக்கிறார். "இங்க பச்சைத் தேயிலை கிலோவுக்கு ரெண்டு ரூபா ஏறினாலே பெரிய விஷயம், அங்க ஒரே வருசத்துல 2,400 கோடி எப்படிப்பா கூடுது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

2023-24ல் அந்தக் கம்பெனியின் வருவாய் சுமார் 15,200 கோடி, அடுத்த வருடம் 17,600 கோடி. கிட்டத்தட்ட 16 சதவீதம். ஆனால் இது முழுக்க டீத்தூள் அதிகமாக விற்று வந்தது இல்லை, ஒரு பகுதி புதிதாக வாங்கிச் சேர்த்த கம்பெனிகளால் வந்தது. 2024 ஜனவரியில் இரண்டு கம்பெனிகளை வாங்கப்போவதாக அறிவித்தார்கள்: சிங்ஸ் சீக்ரெட் மசாலா, சாஸ் விற்கும் கேப்பிடல் ஃபுட்ஸை 5,100 கோடி மதிப்பிலும், ஆர்கானிக் இந்தியாவை 1,900 கோடி மதிப்பிலும். முதலாவது பிப்ரவரியில் கைக்கு வந்தது, இரண்டாவது ஏப்ரலில். அதாவது முந்தைய வருடக் கணக்கில் சிங்ஸ் விற்பனை ரெண்டே மாசம்தான், அடுத்த வருடத்தில் பன்னிரண்டு மாசமும். நீங்க மச்சானோட ஒரு ஏக்கரை விலைக்கு வாங்கிச் சேர்த்தால் ஃபேக்டரிக்குப் போகிற எடை ஏறும்தானே அண்ணா, அதுக்காக உங்க பழைய செடி அதிகமா துளிர்விட்டதுன்னு சொல்ல முடியுமா?

சரி, வாங்கப் பணம்? கடனாகக் கொஞ்சம் திரட்டினார்கள், அப்புறம் 2024லேயே உரிமைப் பங்கு வெளியிட்டார்கள், அதாவது ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்குப் புதுப் பங்கு வாங்க முதல் வாய்ப்பு. கையில் 26 பங்கு இருந்தால் 818 ரூபாய்க்கு ஒரு புதுப் பங்கு, மொத்தம் சுமார் 3,000 கோடி. இந்தப் பணம்தான் நேராகக் கம்பெனிக்குப் போகிறது. செயலியைத் திறந்து பங்குச் சந்தையில் நாம் வாங்கும் பங்குக்குக் கொடுக்கிற காசு, விற்றவர் கணக்குக்குத்தான் போகும், கம்பெனிக்குப் பத்துப் பைசா வராது. இதைப் பலரும் குழப்பிக்கொண்டு, நான் பங்கு வாங்கியதால்தான் கம்பெனி வளர்கிறது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். இன்னொன்று, பங்குகளின் எண்ணிக்கை கூடிவிட்டதால் லாபத்தைப் பங்குக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்க வேண்டும், மொத்த லாபத்தை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது.

வருவாய் ஏறிய அதே வருடம் லாபம் அந்த வேகத்தில் ஏறவில்லை. காரணம் நமக்குப் பிடித்த காரணம்தான், வட இந்தியாவில், அதாவது அசாம், வங்காளம் பக்கம், தேயிலை விலை எகிறியது. இந்தக் கம்பெனிக்குத் தேயிலை என்பது பெரும்பாலும் வாங்குகிற சரக்கு. மூணாறு தோட்டங்களைக்கூட 2005லேயே தொழிலாளர்கள் பங்குதாரர்களாக இருக்கும் கண்ணன் தேவன் ஹில்ஸ் கம்பெனியிடம் விட்டுவிட்டது. ஆக, இலை விலை ஏறினால் நமக்கு வரவு, அவர்களுக்குச் செலவு. அவர்கள் வருவாய் கூடியதென்று குன்னூர் தேயிலை ஏலத்தில் விலை கூடும் என எதிர்பார்ப்பதில் அர்த்தம் இல்லை.

"கூட்டுறவுத் தேயிலை ஃபேக்டரியிலும் எனக்குப் பங்கு இருக்கே?" என்றார் அண்ணன். இருக்கு, ஆனால் அது சந்தையில் விலை ஏறி இறங்குகிற பங்கு கிடையாது, எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். அங்கே கேட்க வேண்டியது பங்கு விலையை இல்லை, இந்த மாசம் கொடுத்த இலைக்கு என்ன விலை, பாக்கி எப்ப வரும் என்பதைத்தான்.